சந்தனம் காய்ந்த பேட்டரி

பேட்டரிக் கடையில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை வருஷமும் காலையில் கடைக் கதவைப் பயமில்லாமல் திறந்த நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. முந்தின நாள் சார்ஜில் போட்டுவிட்டுப் போன பேட்டரிகளில் எது பொங்கி ஆசிட் வழிந்திருக்குமோ, எதற்கு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று வீட்டிலிருந்து கடை வரைக்கும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வருவேன். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பாதித் தெரு போனபிறகு திரும்பி வந்து மூன்றாம் தரமும் இழுத்துப் பார்ப்பேன்.

கடை நாகல் நகரில் இருந்தது. முதலாளி ராவுத்தர். அவருடைய தகப்பனார், அண்ணன்மார் எல்லாரும் தோல் வியாபாரம். இவருக்கு மட்டும் அந்த வாடை ஆகவில்லை என்று பேட்டரிக்கு வந்துவிட்டார். ஆசிட் வாடை மட்டும் அத்தராக்கும் என்று வீட்டில் அம்மா கேட்டார்கள் என அவரே சொல்லிச் சிரிப்பார். கடைக்கு வருகிற பேட்டரிகளில் முக்கால்வாசி லாரி பேட்டரிகள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு மலையாளத்துக்குப் போகிற லாரிகள் அவை. மோட்டார் சைக்கிள் அப்போது ஊரிலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். நான் சொல்வது அறுபதுகளின் நடுவில். அந்த மோட்டார் சைக்கிள்களில் ஒன்று, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த டாக்டருடையது.

சில வண்டிகளுக்கு மேக்னெட்டோ என்று ஒன்று இருக்கும். பேட்டரி செத்துப்போனாலும் கிக் அடித்தால் ஓடிவிடும். டாக்டர் வண்டிக்கு அது கிடையாது. பேட்டரியிலிருந்து கரண்ட் வந்தால்தான் பிளக்கில் பொறி விழும். பொறி விழுந்து இன்ஜின் ஓடினால்தான் டைனமோ சுற்றி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்த வண்டி கடைக்கு வந்தாலே எனக்குக் கூடுதல் பயம். ஒரு டாக்டருடைய வண்டி நின்றுபோனால் அவர் மட்டுமா நிற்கிறார்? எந்த ஊரில் யார் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்களோ.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் கிக்கரைத் தொட மாட்டேன். சாவியைத் திருப்பிவிட்டு, ஹெட்லைட்டின் மேல் இருக்கிற ஆம்பியர் முள்ளைப் பார்ப்பேன். முள் ஒரு நூல் இடது பக்கம் சாய்ந்தால் கரண்ட் புறப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஹாரனை அமுக்குவேன். தொண்டை கட்டின ஆள் மாதிரி முனகினால் பேட்டரியில் சாரம் இல்லை. முள்ளும் அசையாமல் ஹாரனும் வாயே திறக்காவிட்டால் வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது. இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. தப்பாகப் போய்விடுமோ என்று ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்த்ததில் தானாகப் படிந்தது.

ஆயுத பூசை அன்று கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலையில் கடையைக் கழுவி, சார்ஜ் ஏறிய பேட்டரிகளை வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். அதற்குப் பிறகு ஸ்பேனர், கட்டிங் பிளேயர், அரம், சுத்தியல் என்று கடையில் உள்ள எல்லாச் சாமான்களையும் வாழையிலையில் அடுக்கி, பொரி, கடலை, பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். அதோடு சரி. மறுநாள் காலையில் இன்னொரு தரம் கற்பூரம் காட்டி எடுக்கிற வரைக்கும் அந்த இலையிலிருந்து ஒரு நட்டைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது. முதலாளி வேறு மதம்தான். ஆனால் எங்களைவிட அவர்தான் அதில் கண்டிப்பு. அன்றைக்கு ஒரு நாள் அவர் எந்தச் சாமானையும் தொட மாட்டார். உங்கள் பூசை, நாளைக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தால்தான் என் கை படும் என்பார்.

எனக்கு அந்த இலையைப் பார்த்தாலே பயம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அஞ்சாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, சரஸ்வதி பூசைக்கு என் புத்தகங்களையும் நோட்டுகளையும் அக்கா அடுக்கி வைத்தாள். வைத்த பிறகு எனக்கு ஒரு கவலை வந்துவிட்டது. கணக்கு நோட்டில் கடைசியாகப் போட்ட வகுத்தல் கணக்கு சரியா, தப்பா? மீதி எழுதினேனா, இல்லையா? மறுநாள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து, அடுக்கின் நடுவிலிருந்து நோட்டை உருவிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. திருப்பிச் செருகி வைத்துவிட்டேன். அந்த வாரத்திலேயே அப்பா இறந்துபோனார். அந்த நோட்டு திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. நானும் போகவில்லை. பூசையில் வைத்ததை எடுத்ததால்தான் அப்பா போனார் என்று எனக்குள் ஓர் எண்ணம் வேர் பிடித்துவிட்டது. அதன்பிறகு பதின்மூன்று வருஷம், எந்தப் பூசை இலைக்குப் பக்கத்திலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

அந்த வருஷம் பூசைக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் வண்டியைக் கொண்டு வந்து விட்டார். பேட்டரி இறங்கிவிட்டது, சார்ஜ் போட்டு வை, பூசை அன்று மத்தியானம் எடுத்துக்கொள்கிறேன், வீட்டில் வண்டிக்கும் பூசை போட வேண்டுமாம் என்றார். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். பூசை அன்று விடியற்காலையில் மற்ற பேட்டரிகளோடு அதற்கும் சந்தனம் வைத்தேன். வயர் மாட்டுகிற இரண்டு ஈயத் தலைகளின் மேலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். பார்க்க இரண்டு கண் மாதிரி நன்றாக இருந்தது. அதற்குள் என்னோடு வேலை பார்த்த அண்ணன், சாமான்களை இலையில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்பேனர் பூசைக்குப் போய்விட்டால் பேட்டரியை எதைக் கொண்டு மாட்டுவது என்ற பதற்றத்தில், சந்தனம் ஈரமாக இருக்கும்போதே வண்டியில் வைத்து, அந்த ஈயத் தலைகளில் வயரைப் பொருத்தி, போல்ட்டை முடுக்கினேன். ஹாரனை அமுக்கிப் பார்த்தேன். அடித்தது. இரண்டு தரம் அமுக்கினேன், இரண்டு தரமும் அடித்தது. நிம்மதியாக ஸ்பேனரைக் கொண்டுபோய் இலையில் வைத்தேன். வண்டியின் பெட்டியில் டாக்டர் வைத்திருந்த சாமான்களையும் விடாமல் எடுத்து அதே இலையில் சேர்த்தேன்.

மழை இரண்டு நாள் பெய்து அன்றைக்கு வெயில் அடித்தது. அண்ணன் பூசை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். டாக்டர் மத்தியானம் வரவில்லை. மூன்று மணி இருக்கும். முதலாளியும் நானும் பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். தெருமுனையில் டாக்டர் வேகமாக நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தொடை வரைக்கும் சேறு. கிட்டே வந்த பிறகுதான் அது என் மச்சான் என்று தெரிந்தது.

அக்காவை ரெட்டியார்சத்திரத்திலிருந்து மூன்று மைல் உள்ளே ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. கத்தரி, தக்காளி போடுகிற குடும்பம். அவளுக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் சிரமம் இல்லாமல் வீட்டிலேயே நடந்ததால் இதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மச்சானுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் பொரி தின்கிற என் கையைத்தான் பார்த்தார்.

"மாப்ள, பிள்ள பொறந்துருச்சு. பொட்டப் பிள்ள. நஞ்சுக்கொடி விழுகல. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. மீதியை டாக்டர் சொன்னார். பிரசவம் ஆகி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, மருத்துவச்சியும் பார்த்துவிட்டாள், வண்டி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தால் வழியிலேயே ரத்தம் எல்லாம் போய்விடும், தான் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றார். டாக்ஸிக்காரர்கள் வண்டிக்கு மாலை போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். அவர்கள் இருந்தாலும் ரெட்டியார்சத்திரத்துக்கு உள்ளே அந்த மூன்று மைல் சேற்றில் கார் இறங்காது. மோட்டார் சைக்கிள்தான் போகும்.

டாக்டர் பையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். சாவியைத் திருப்பினார். கிக் அடித்தார். இன்ஜின் பொதக் பொதக் என்று சும்மா சுற்றி நின்றது. இன்னொரு கிக். இன்னொன்று. ஏழு வரைக்கும் எண்ணினேன். என் கண் முள்ளிலேயே இருந்தது. முள் நடுவிலேயே செத்துக் கிடந்தது.

"காலையில ஹாரன் அடிச்சுச்சே" என்றேன்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றார் டாக்டர். அவர் வண்டிமேல் உட்கார, முதலாளி, மச்சான், நான் மூன்று பேரும் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு ஓடினோம். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. திரும்பவும் தள்ளினோம். முதலாளிக்குக் கைலி அவிழ்ந்துவிட்டது. ஒரு கையால் கைலியையும் ஒரு கையால் வண்டியையும் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் ஓடினார். வண்டி ஒரு தரம்கூட இருமவில்லை. வேர்க்க விறுவிறுக்கக் கடை வாசலுக்கே கொண்டு வந்து நிறுத்தினோம்.

என் கை அதன் பழக்கத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. ஹாரன்: ஊமை. ஹெட்லைட்: இருட்டு. அப்படியென்றால் பிளக், பாயிண்ட் பக்கம் போக வேண்டியதே இல்லை. கோளாறு பேட்டரி, இல்லாவிட்டால் பேட்டரிக்குப் பக்கம். பேட்டரிக்குள் தகடு ஏதாவது உதிர்ந்து போய்விட்டதோ? போன மாசம் டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்துபோன அன்று, ஒரே ஒரு பேட்டரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. அது எந்தப் பேட்டரி? இதுதானா? யோசிக்க யோசிக்க இதுதான் என்று தோன்றியது. முதலாளியிடம் சொல்லியே விட்டேன்.

"அது லாரி பேட்டரிப்பா. நாந்தான பக்கத்துல நின்னேன்" என்றார் அவர். "செத்த நேரம் உன் பாவத்தையெல்லாம் எண்ணாம வண்டியப் பாரு."

குப்பையில் கிடந்த ஒரு துண்டு வயரை எடுத்தேன். குப்பையில் கிடப்பது பூசையில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டுக்குக் கீழே கையை விட்டு, அந்த வயரை ஓர் ஈயத் தலையின் அடியிலிருந்து இன்னொரு தலையின் அடிக்குத் தொட்டும் தொடாமல் வைத்தேன். படார் என்று நீலமாகப் பொறி விழுந்து வயர் முனை கருகியது. பேட்டரி உயிரோடு இருந்தது. சார்ஜ் முழுசாக இருந்தது.

அப்படியானால் கரண்ட் பேட்டரியை விட்டு வெளியே வரவில்லை. மச்சானை ஹாரன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னேன். பேட்டரியில் மாட்டியிருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினேன். முதல் வயரை ஆட்டியபோது ஹாரன் கிணற்றுத் தவளை மாதிரி ஒரு கத்து கத்தி அடங்கியது. திரும்ப ஆட்டினேன். திரும்பக் கத்தியது. குனிந்து பார்த்தேன். வயர் முனைக்கும் ஈயத் தலைக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. நான் வைத்த சந்தனம். காலையில் ஈரமாக இருந்தபோது அதன் வழியாகக் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. மத்தியான வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட்டது. ஓட்டுக்குள் கரண்ட் போகாது.

என் அக்காவின் உயிருக்கும் டாக்டருக்கும் நடுவில் நான்தான் சந்தனம் பூசி வைத்திருக்கிறேன் என்று அப்போது நினைத்தேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. போல்ட்டைக் கழற்றி, வயர் முனையையும் ஈயத் தலையையும் சுரண்டி, திரும்ப முடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம். விரலால் திருகிப் பார்த்தேன். காலையில் நானே முழு பலத்தோடு முடுக்கியது. அசையவில்லை. மச்சான் திருகினார், மண்வெட்டி பிடிக்கிற கை அது, அதற்கும் அசையவில்லை. டாக்டர் பையிலிருந்து ஓர் இடுக்கியை எடுத்துக் கொடுத்தார். அது வழுக்கிக்கொண்டு போய் என் விரல் தோலை உரித்தது.

கடைக்குள் பத்தடி தூரத்தில், வாழையிலையில், அந்தச் சின்ன ஸ்பேனர் குங்குமப் பொட்டோடு இருந்தது.

நான் இலைக்கு முன்னால் போய் நின்றேன். என் கைகள் இரண்டும் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. எடுக்காவிட்டால் அக்கா போய்விடுவாள். எடுத்தாலும் அக்கா போய்விடுவாள். நோட்டை எடுத்தேன், அப்பா போனார். இது இரும்பு, நோட்டைவிடப் பெரிது, ஊரறிய எடுப்பது. டாக்டர் அங்கே போய்ச் சேருவார், ஆனால் அவர் போய்ச் சேருகிறபோது எல்லாம் முடிந்திருக்கும். அப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தது. முதலாளியைப் பார்த்தேன். எடு என்று அவர் சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சம் குறையும் என்று ஓர் ஆசை.

அவர் வாசல்படியிலேயே நின்றார். இந்த விஷயத்தில் நான் எடு என்று சொன்னாலும் தப்பு, எடுக்காதே என்று சொன்னாலும் தப்பு, இது நீ முடிவு பண்ண வேண்டியது என்று மெதுவாகச் சொன்னார். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு என் நோட்டுக் கதை தெரியாது. பூசைச் சாமானை எடுக்க யோசிக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. அதை அவர் தப்பு என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. அவரும்கூட அந்த இலையைப் பார்க்காமல்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் உள்ளே வந்தார். கையில் இருந்த பையை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். கறுப்புத் தோல் பையின் மேல், பூட்டுக்குப் பக்கத்தில், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

"இதையும் என் வீட்ல பூசையிலதாம்ப்பா வச்சிருந்தாங்க. ஊசி, கத்திரி எல்லாம் இதுக்குள்ளதான். நான் எடுத்துட்டு வந்துட்டேன். நீ எடுக்கலைன்னா நான் எடுத்தது வீண்."

அப்போதும் கை முன்னால் வரவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நீ தள்ளிக்க அப்பு. நான் எடுத்துத் தாரேன். என்னமாச்சும் ஆனா எனக்கு ஆகட்டும்."

அவர் குனிந்தார். அவருக்கு வீட்டில் நான்கு பிள்ளைகள். கடைசிப் பெண் அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தது, கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். எனக்கு வரவேண்டியது அந்த வீட்டுக்குப் போய்விடும் என்று நினைத்தபோது வந்த பயம், மற்றப் பயத்தைவிட ஒரு பிடி அதிகமாக இருந்தது. தைரியம் என்று எதுவும் வந்ததாகச் சொல்ல மாட்டேன். அவர் கை போவதற்குள் என் கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஸ்பேனரையும் அரத்தையும் எடுத்தேன். பொரி இரண்டு மூன்று தரையில் சிதறியது. ஸ்பேனர் இருந்த இடத்தில் இலையில் பச்சையாக அதன் அச்சு தெரிந்தது.

போல்ட் கழன்றது. ஈயத் தலையை அரத்தால் வெள்ளை தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். வயர் முனையைத் தேய்த்தேன். வேட்டி முனையால் துடைத்தேன். முடுக்கினேன். டாக்டர் சாவியைத் திருப்பினார். முள் இடது பக்கம் சாய்ந்தது. ஹாரனை அமுக்கினார், தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது கிக்கில் வண்டி பிடித்துக்கொண்டது. மச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். அவர்கள் பழனி ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தார்கள்.

மச்சானுடைய சைக்கிள் கடை வாசலில் நின்றது. போ என்றார் முதலாளி. நான் அதை எடுத்துக்கொண்டு மிதித்தேன். ஸ்பேனரும் அரமும் மடியிலேயே இருந்தன. அவற்றை இலையில் திருப்பி வைக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

ரெட்டியார்சத்திரம் எட்டு ஒன்பது மைல் இருக்கும். இரண்டு மைல்கூடப் போயிருக்க மாட்டேன். சட்டென்று என் கால் மிதிப்பதை விட்டுவிட்டது. இரண்டு கண் மாதிரி இருந்தது என்று சொன்னேன் அல்லவா? ஒரு கண்ணைத்தான் சுரண்டினேன். இன்னொரு ஈயத் தலையில் சந்தனம் அப்படியே இருக்கிறது. அவசரத்தில் அதைத் தொடவே இல்லை. ஹாரன் அடித்ததும் விட்டுவிட்டேன். காலையிலும் ஹாரன் அடித்ததும்தானே விட்டேன்.

அன்றைக்கு நான் மிதித்த மாதிரி வாழ்க்கையில் மிதித்ததில்லை. ஒவ்வொரு வளைவு வரும்போதும், அந்தப் பக்கம் புளியமரத்தடியில் வண்டி நின்றிருக்கும், டாக்டர் கிக் அடித்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பேன். வளைவு திரும்பினால் ரோடு காலியாக இருக்கும். நிம்மதி வராது, அடுத்த வளைவு இருக்கிறதே. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று போனதா என்று கேட்டேன். போனது என்றான் வண்டிக்காரன். ஓடியதா, தள்ளிக்கொண்டு போனார்களா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஓடித்தான் போச்சு என்றான். ரெட்டியார்சத்திரத்தில் டீக்கடையில் கேட்டேன். அங்கேயும் போச்சு என்றார்கள். உள்ளே மூன்று மைலும் கரிசல் சேறு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி, தள்ளிக்கொண்டு பாதி. சேற்றில் மோட்டார் சைக்கிள் டயரின் தடம் ஒரே கோடாகப் போயிருந்தது. அந்தக் கோடு எங்கே நின்றிருக்குமோ என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அது அக்கா வீட்டு வாசலில்தான் நின்றிருந்தது.

வாசலில் ஆம்பிளைகள் நான்கைந்து பேர் நின்றார்கள். மச்சான் தூண் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அக்கா சத்தம் கேட்கவில்லை. டாக்டர் வந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆச்சு என்று யாரோ சொன்னார்கள். என்னால் உள்ளே போக முடியாது. வெளியே சும்மா நிற்கவும் முடியவில்லை. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த ஸ்பேனரை எடுத்து, அந்த இரண்டாவது போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில், நெல்லுமுனை அளவுக்கு, வயர் முனை சந்தனத்தைக் கீறிக்கொண்டு ஈயத்தில் பதிந்திருந்தது. அந்த ஒரு புள்ளியில்தான் டாக்டர் பன்னிரண்டு மைல் வந்திருக்கிறார். தேய்த்தேன். வெள்ளை தெரிந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அரத்தின் சத்தம் நின்றால் உள்ளே இருக்கிற சத்தம் கேட்டுவிடும் என்று பயம்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தது. நஞ்சு எடுத்தாகிவிட்டது, ஊசி போட்டிருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் நிறையப் போய்விட்டது, இன்று அசைக்கக் கூடாது, நாளைக் காலை மெதுவாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்றார். மச்சான் அவர் காலைத் தொடப் போனார். அவர் தள்ளிக்கொண்டார். பிறகு என்னையும் திறந்து கிடந்த பேட்டரியையும் பார்த்தார்.

"இன்னும் அரை மணி பிந்தியிருந்தா நான் வந்தும் பிரயோஜனமில்ல" என்றார். "அத மூடு. நான் ஊருக்குப் போகணும்."

மறுநாள் அக்காவை வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள். நான் தினமும் மத்தியானம் கடையிலிருந்து சோறு கொண்டு போவேன். ஒவ்வொரு நாளும் வார்டு வாசலில் நின்று, கட்டிலில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். பூசைச் சாமானை எடுத்த குற்றம் பாக்கி நிற்கிறது, ஒரு வாரத்துக்குள் வரும், போன தடவை ஒரு வாரத்துக்குள்தான் வந்தது என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் என் கை தவறித் தூக்குச்சட்டியிலிருந்து ரசம் கட்டிலில் கொட்டியது. என்ன உனக்கு, காய்ச்சலா என்று அக்கா கேட்டாள். அப்போது சொல்லிவிட்டேன். நோட்டை எடுத்தது, அப்பா போனது, ஸ்பேனரை எடுத்தது, எல்லாம்.

அவள் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். முகத்தில் இன்னும் ரத்தம் ஊறவில்லை, வெளிறித்தான் இருந்தது.

"ஏலே, அப்பா அந்தப் பூசைக்கு மூணு வாரத்துக்கு முன்னாடியே படுத்துட்டாருடா. ஒனக்கு நெனப்பில்லையா? பூசைக்குப் பொரி வாங்கப் போனதே நீதான். அவருக்கு எந்திரிக்கவே முடியலைன்னுதான ஒன்னைய அனுப்புனேன். வைத்தியரு அன்னைக்குக் காலையிலேயே கைய விரிச்சுட்டுப் போயிட்டாரு."

நான் யோசித்துப் பார்த்தேன். பொரி வாங்கப் போனது ஞாபகம் வந்தது. பெரிய பொட்டலத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தது ஞாபகம் வந்தது. அப்பா படுத்திருந்தது மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தது.

"இதப் போயி இம்புட்டு வருசமா வச்சுக்கிட்டுத் திரிஞ்சியா" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் வயிறு வலித்தது போலிருக்கிறது. கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

அன்றைக்கு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கடைக்குத் திரும்பி நடக்கிறபோது வந்தது வேறு. பதின்மூன்று வருஷமாக, எதைத் தொட்டால் கெடுதல் வரும் என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். தொடாமல் இருந்தால் வராது என்று ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடியும் இப்போது போய்விட்டது. அப்பா சும்மாவே போயிருக்கிறார். அக்காவும் சும்மாவே போயிருப்பாள், நெல்லுமுனை அளவு ஈயம் தொட்டுக்கொண்டிருந்ததால் இருக்கிறாள். நான் பக்தியோடு வைத்த பொட்டுதான் அன்றைக்குக் குறுக்கே நின்றது.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்குப் பேட்டரிகளுக்கு வயிற்றுப் பக்கம் மட்டும் சந்தனம் வைத்தேன். தலைப் பக்கம் விரலைக் கொண்டு போகவில்லை. சாமான்களை இலையில் அடுக்கும்போது சின்ன ஸ்பேனரையும் அரத்தையும் தனியாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். முதலாளி பார்த்துவிட்டார்.

"அது ரெண்டும்?"

"வெளியில இருக்கட்டும் மொதலாளி."

அவர் பொரிப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளி வைத்தார். அன்று பகல் பூராவும் நான் மடியில் கையை வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.